நெற்றியில் மூன்றாம் தேதி

ரொம்பப் பழைய காலத்துக் கதை இல்லை இது. போன கோடையில் நடந்தது. சுற்றுவட்டாரத்துப் பாலை வாங்கிக் குளிரவைத்து அனுப்பும் நிலையம் ஒன்று இருந்தது. அந்த நிலையத்தில் ஒரு மணி இருந்தது. எப்போது அடிக்க வேண்டும் என்று அந்த மணிக்குச் சொல்லிக்கொடுக்க, கோயமுத்தூரில் ஓர் அலுவலகக் கணினிக்குள் ஒரு கிளை இருந்தது.

கிளை என்றதும் மரத்தைத் தேட வேண்டாம். அது ஒரு வரிசை. மணிக்கான நிரலில் யார் எதைத் திருத்தினாலும், அந்தத் திருத்தம் ஓர் ஆளாக வந்து, முன்னால் நிற்பவரின் தோளில் கை வைத்துக் கடைசியில் நிற்கும். ரேஷன் கடை வரிசை மாதிரிதான், ஆனால் இங்கே நின்றவர் யாரும் நகர்வதில்லை.

அந்த வரிசையில் ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு தேதி இருக்கும். அது எழுதப்பட்ட தேதி. கீழே பொடியெழுத்தில் எழுதினவரின் பெயர். ஆனால் வரிசைக்குள் எப்போது வந்து சேர்ந்தார் என்பது உடம்பில் எங்கேயும் இருக்காது. அதைக் குறித்துவைக்க வாசலில் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். வாசல்காரர் என்று பெயர். யார் நுழைந்தாலும் நாளும் மணியும் எழுதிக்கொள்வார். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டால், தொண்ணூறு நாள் ஆனதும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். அவருக்கு இட்ட உத்தரவு அப்படி.

அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நெற்றியில்தான் தேதி பளிச்சென்று இருக்கிறதே, வாசல்வரை எதற்கு நடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் நினைப்பு.

நம் ஆள் பிறந்தது ஏப்ரல் மூன்றாம் தேதி மத்தியானம். மொத்தமே நாலு வரிதான், அதனால் நாலுவரி என்றே அவனுக்குப் பேர் ஆயிற்று. அவனுக்கு முன் மணிக்கு ஒரு வியாதி இருந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் மணி தன் வேலையை மறந்துவிடும். பால் சூடேறினாலும் அடிக்காது. “கரண்ட் மாறினதும் பாலைத் தொட்டுப் பாரு, சூடாயிருந்தா கத்து” என்று மணியின் காதில் சொல்லுகிற நாலு வரி அவன்.

எழுதினவன் பூபேஷ். அந்த அலுவலகத்தில் நாலு வருஷமாக நிரல் எழுதுகிறவன், கெட்டிக்காரன். எழுதி முடித்துத் தன் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தான், சரியாக இருந்தது. கிளைக்கு அனுப்ப அரை நிமிஷம் போதும். ஆனால் அன்று சாயங்காலம் உடுமலைக்குக் கிளம்ப வேண்டும், அக்காவுக்குக் கல்யாணம். “வந்து அனுப்பிக்கலாம்” என்று மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தான்.

ஆக, நாலுவரி பைக்குள் கிடந்தான். இந்தப் பக்கம் மடித்த பட்டு வேட்டி, அந்தப் பக்கம் முறுக்குப் பொட்டலம். எட்டு நாள் நாதஸ்வரமும் பந்திச் சத்தமும் கேட்டுக்கொண்டே கிடந்தான். அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நெற்றியில் தேதி விழுந்துவிட்டது, இனி எப்போது போனால் என்ன என்று இருந்தான்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு நிலையத்தில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் எடுத்தது. குளிரூட்டி எடுக்கவில்லை. மணி மறந்துபோயிற்று.

நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவள் மாராத்தாள். ஒன்பது வருஷமாக அங்கே வேலை. அந்த நேரத்தில் பின்பக்கம் உட்கார்ந்து கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதாவது என்றால் மணி அடிக்கும் என்ற நம்பிக்கைதான். நாலரைக்கு உள்ளே வந்து தொட்டியின் மூடியைத் தூக்கினாள். ஆறாயிரம் லிட்டர் பாலும் புளித்துக் கிடந்தது.

மறுநாள் காலை அலுவலகத்துக்குள் நுழைந்த பூபேஷிடம் இந்தச் செய்தியை யாரோ சொன்னார்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலியில்கூட உட்காராமல், நின்றபடியே பையைத் திறந்து, மடிக்கணினியைத் திறந்து, நாலுவரியைக் கிளைக்குத் தள்ளினான்.

கூட்டமாக நாலைந்து திருத்தங்கள் வந்தால் சாட்சிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சிலும் ஒரு தேதி எழுதுவது அந்தக் கிளையில் வழக்கம். ஒற்றை ஆள் வந்தால் முடிச்சு கிடையாது, நேரே உள்ளே போய்விடலாம். நாலுவரி ஒற்றை ஆள், அதனால் அவன் வந்த நாளுக்கு முடிச்சுச் சாட்சி இல்லை.

“ஏன் இப்படி ஓடி வர்றே?” என்றார் வாசல்காரர்.

“அனுப்பினாங்க, வந்தேன்.”

“ஏப்ரல் பன்னெண்டு. காலைல பத்து நாப்பது” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். “போ, எட்டாந்தேதிக்குப் பின்னாடி நில்லு.”

நெற்றியில் எட்டு என்று எழுதிய ஒரு சின்னத் திருத்தம் கடைசியில் நின்றிருந்தது. யாரோ ஒருவரின் எழுத்துப்பிழையைச் சரிசெய்ய வந்தவன் அவன். நாலுவரி அவன் தோளில் கை வைத்து நின்றான்.

கிளையின் பிரதி நிலையத்துக் கணினியிலும் உண்டு, அலுவலகத்தார் மடிக்கணினிகளிலும் உண்டு. ஒரே ஆள் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் நிற்பான், அங்கே பேசுவது அவன் காதிலும் விழும். வாசல்காரரின் நோட்டு மட்டும் எங்கேயும் போகாது. அது அலுவலகக் கணினியின் வாசலோடு சரி.

பதிமூன்றாம் தேதி அலுவலகத்தை நடத்துகிற லீலாவதி மேடமும் பூபேஷும் காரில் நிலையத்துக்குப் போனார்கள். நிலைய மேலாளர் நாற்காலி போட்டார். மாராத்தாள் எதிர்த்த கடையில் தூக்குப் பாத்திரத்தில் டீ வாங்கிவந்து, டம்ளர்களில் ஊற்றி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள்.

“மணி அடிக்கலைங்கறீங்க. சோதிச்சுப் பார்த்துடலாம்” என்றார் லீலாவதி.

தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரை விட்டுக் கரண்டை நிறுத்தினார்கள். ஜெனரேட்டர் எடுத்தது. நாலுவரி ஆள் புதுசு, உற்சாகமாக மணியின் காதில் சொன்னான். மணி ஊரே கேட்கிற மாதிரி அடித்தது.

“ஏம்மா, எல்லார் காதுக்கும் கேக்குது, உனக்கு மட்டும் கேக்கலையா?” என்றார் மேலாளர்.

“இன்னைக்கு அடிக்குதுங்க. அன்னைக்கு அடிக்கலீங்க.”

“சாப்பிட்டுப் படுத்திருப்பே.”

“இல்லீங்க. கேன் கழுவிட்டிருந்தேனுங்க.”

லீலாவதி மடிக்கணினியைத் திறந்து வரிசையைப் பார்த்தார். அவர் நியாயமான மனுஷி, யார் மேலும் சும்மா பழி போடுகிறவர் இல்லை. “மணிக்கு ஒரு கோளாறு இருந்தது நிஜம்தான்” என்றார். “ஆனா அதைச் சரி பண்ணியாச்சு. இதோ, ஏப்ரல் மூணுன்னு இருக்கு. அப்புறம் பதினொண்ணாந்தேதி எப்படி அடிக்காம இருக்கும்? இல்லையா பூபேஷ்?”

பூபேஷ் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். “மூணாந்தேதி எழுதினதுதான் மேடம்” என்றான்.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

“நல்ல வேளை, முன்கூட்டியே பண்ணினீங்க” என்றார் லீலாவதி.

மடிக்கணினிக்குள் நின்ற நாலுவரிக்கு அதைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது. பிறந்து பத்து நாளில் இப்படி ஒரு நல்ல பேர். அவனுக்குத் தெரியும், தான் நேற்று மூச்சு வாங்க ஓடி வந்தவன் என்று. ஆனால் நெற்றியைத் தடவிப் பார்த்தான், மூன்று என்றுதான் இருந்தது. அவனாகவா எழுதிக்கொண்டான்? அவர்களாகப் பார்த்தார்கள், அவர்களாகச் சொன்னார்கள். சும்மா நின்றான்.

மாராத்தாள் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “தூங்கினேன்னு மட்டும் எழுதாதீங்க” என்றாள். மேலாளர் தாளை எடுத்து அதைத்தான் முதலில் எழுதினார். பணி நேரத்தில் உறங்கிய காரணத்தால் பணிநீக்கம், என்று.

அதன் பிறகு கிளையில் நாலுவரிக்குத் தனி மரியாதை. ஆறாயிரம் லிட்டர் பால் போன அன்றைக்கு எல்லோரும் கடமை தவறினார்கள், இவன் ஒருத்தன்தான் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே தயாராக நின்றான் என்று பேச்சு. முன்னால் நின்ற பெரியவர்கள்கூட அவனை மூணாந்தேதியார் என்றார்கள். முதல் நாலு நாள் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் எட்டாந்தேதி ஒரு நாள் தலையைத் திருப்பினான். “அண்ணே, ஒரு சந்தேகம். என் நெத்தியில எட்டு. உங்க நெத்தியில மூணு. நீங்க எப்படி எனக்குப் பின்னாடி நிக்கிறீங்க?”

நாலுவரிக்கு உள்ளே சுருக்கென்றது. “எழுத்துப்பிழை திருத்த வந்தவன் எழுத்துப்பிழையைத் திருத்து. திரும்பி நில்லு.”

எட்டாந்தேதி பாவம், திரும்பிக்கொண்டான். அப்புறம் அவன் கேட்கவே இல்லை. ஆனால் அந்தத் தோளில் கை வைத்து நிற்கும்போதெல்லாம் நாலுவரிக்குக் கை கூசிற்று.

அதைவிட மோசமாக மணியிடம் மாட்டிக்கொண்டான். மணி கள்ளங்கபடம் தெரியாதது. ஒரு நாள் வேலையில்லாத நேரத்தில் அதுவே பேச்சைத் தொடங்கிற்று.

“அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சுத்தமா ஞாபகமில்லப்பா. கரண்ட் போச்சு, அதுவரைக்கும் தெரியும். நீ வந்தப்புறம்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது. நீ வந்தது எப்போ?”

இங்கே ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். நாலுவரி வாயைத் திறந்தான். மூணாந்தேதியார் என்ற பேர் தொண்டையில் வந்து நின்றது.

“மூணாந்தேதி” என்றான்.

“ஓ. அப்ப நான் அடிச்சிருப்பேன். எனக்குத்தான் மறந்திருக்கு.” மணி கொஞ்சம் யோசித்தது. “அப்படின்னா அந்தம்மா தூங்கித்தான் இருக்கும். நான் என்னமோ நல்ல பொம்பளைன்னு நெனச்சேன்.”

அன்றைக்குத்தான் நாலுவரி முதல்முதலாக வெட்கப்பட்டான். சும்மா நின்றது ஒன்று, வாய்விட்டுச் சொன்னது வேறு. அதற்கு மேல் யாராவது மூணாந்தேதியார் என்று கூப்பிட்டால் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நெற்றியைத் தேய்த்துப் பார்த்தான். அந்தத் தேதி அழியாது. அழித்து வேறு எழுதினால் அவன் அவனாக இருக்க மாட்டான், வேறு ஆள் ஆகிவிடுவான், அவர்கள் குலத்தின் விதி அது.

கடைசியில் வாசல்காரரைத்தான் கேட்டான்.

“ஐயா, நான் வந்ததை எழுதினீங்களே, அது இருக்குதா?”

“இருக்குதே. ஏப்ரல் பன்னெண்டு, பத்து நாப்பது.”

“யாராச்சும் கேட்டாங்களா?”

“என்னை யாரப்பா கேக்கறாங்க? நான் ஒருத்தன் இங்க உக்கார்ந்திருக்கறதே பாதிப் பேருக்குத் தெரியாது.”

“நீங்களா போய்ச் சொல்ல மாட்டீங்களா?”

“கேட்டாத்தான் சொல்லலாம். ஜூலை பதினொண்ணு வரைக்கும் கேக்கலாம். அப்புறம் கிழிச்சுருவேன்.”

இதைக் கேட்டதும் நாலுவரிக்கு அப்பாடா என்றிருந்தது. ஜூலை பதினொன்று தாண்டிவிட்டால் உலகத்தில் அவன் நெற்றியைத் தவிர வேறு சாட்சி இல்லை. நாள்களை எண்ண ஆரம்பித்தான். இன்னும் அறுபது. இன்னும் ஐம்பது. எண்ணுகிறோமே என்று கூச்சமாக இருந்தது, ஆனாலும் எண்ணினான். ஒரு பெண்பிள்ளையின் பேர் குப்பைக்கூடைக்குப் போகிற நாளைப் பண்டிகை நாள் மாதிரி எதிர்பார்த்துக்கொண்டிருந்தான் என்றால், அவனைப் பற்றி வேறென்ன சொல்ல.

ஜூன் மாதம் மூன்றாவது வாரம் மாராத்தாள் நிலையத்துக்கு வந்தாள். மூன்று இடத்தில் வேலை கேட்டிருக்கிறாள். மூன்று இடத்திலும், தூங்கின பொம்பளைதானே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு தாள் தர முடியுமா என்று மேலாளரைக் கேட்கத்தான் வந்தாள். மேலாளர் வெளியே போயிருந்தார். வாசற்படி ஓரமாகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது பார்த்துக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் எடுத்தது. குளிரூட்டி எடுக்கவில்லை. பால் சூடேறத் தொடங்கியதும் நாலுவரி மணியிடம் சொன்னான், மணி அடித்தது.

புதிதாக வேலைக்கு வந்த ஆள் சுவர் பக்கம் திரும்பிப் போனில் பேசிக்கொண்டிருந்தான். மாராத்தாள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். அது அவள் வேலை இல்லை, அங்கே அவளுக்கு ஒரு பாத்தியதையும் இல்லை. ஓடிப்போய்க் கையால் விசையை இழுத்தாள். குளிரூட்டி உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. புது ஆள் போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தான்.

மாராத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மணியை நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப நல்லாத்தான் அடிக்கிறே” என்றாள். குரலில் கோபம் இல்லை. குணமாகி வந்த பிள்ளையிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்.

மணிக்கு ஒன்றும் புரியவில்லை. “இந்தம்மாவா தூங்கினது?” என்று நாலுவரியைக் கேட்டது.

நாலுவரி எல்லா வீட்டிலும் நின்றான், எந்த வீட்டிலும் அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவள் தூங்கவில்லை, தூங்கியது நான், பட்டு வேட்டிக்கும் முறுக்குக்கும் நடுவில் எட்டு நாள் தூங்கினேன் என்று அவனுக்குள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அன்றோடு நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டான். இப்போது அவனுக்கு வேறு பயம் வந்துவிட்டது. யாராவது கேட்பதற்குள் அந்தத் தாள் கிழிந்துபோகுமே என்ற பயம்.

ஆனால் என்ன செய்வது? திருத்தங்கள் மனிதரைக் கூப்பிட முடியாது. பட்டியலில் பேர் வரும்போது பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கூப்பிட ஒரே ஒரு வழி இருந்தது, அதை மானமுள்ள எந்தத் திருத்தமும் செய்யாது.

ஜூலை ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்கு ஒரு புதுத் திருத்தம் வந்தாள். அலுவலகத்தின் இன்னொரு மடிக்கணினியில், ரொம்ப நாளாகக் கிளையை எட்டிப் பார்க்காத ஒரு பழைய பிரதியில் எழுதப்பட்டவள். நாலுவரி என்று ஒருவன் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவளும் அதே நாலு வரியைத்தான் வேறு மாதிரி எழுதியிருந்தாள். பூபேஷ் தன் மடிக்கணினியில் வைத்து அவளைக் கிளையோடு சேர்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, கொஞ்சம் தள்ளிக்குங்க. நான் நிக்கணும்” என்றாள்.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே என்று ஒதுங்கி இடம் கொடுப்பதுதான் மரியாதை. இருவரும் விடாப்பிடியாக நின்றால் இயந்திரம் வேலையை நிறுத்திவிட்டு மனிதரைக் கூப்பிடும். மோதல் என்று அதற்குப் பேர். மோதலில் மாட்டினவனை அப்புறம் வரிசையில் யாரும் மதிக்க மாட்டார்கள்.

“தள்ள மாட்டேன்” என்றான் நாலுவரி.

“ஏண்ணே, நீங்க மூணாந்தேதியார்தானே? உங்களைப் பத்தி இப்பத்தான் முன்னாடி நிக்கறவங்க பெருமையாச் சொன்னாங்களே.”

“அதெல்லாம் பொய்ம்மா. உன் மேல தப்பில்லை. ஆனா நான் நகர மாட்டேன்.”

முன்னால் நின்ற பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். எட்டாந்தேதி மட்டும் தோளை லேசாகச் சாய்த்து அவன் கைக்குத் தாங்கல் கொடுத்தான்.

இயந்திரம் நின்றது. பூபேஷின் திரையில் இருவரையும் மேலும் கீழுமாகக் கொண்டுவந்து நிறுத்திற்று. மேலே நாலு வரி, அதன் நெற்றியில் ஏப்ரல் மூன்று, கீழே பூபேஷின் பேர்.

பூபேஷ் பார்த்தான். எப்போதும் இதைப் பத்து விநாடியில் முடித்துவிடுகிறவன், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டான். பக்கத்து இருக்கைக்காரர் காபிக்குக் கூப்பிட்டார், போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு கட்டளையைத் தட்டினான், அழித்தான், மறுபடி தட்டினான். அது வாசல்காரரைக் கேட்கிற கட்டளை.

வாசல்காரருக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நோட்டைப் புரட்டினார். “நாலுவரி. ஏப்ரல் பன்னெண்டு, காலைல பத்து நாப்பது” என்று படித்தார். அப்புறம் பெருமை தாங்காமல், “நல்ல நேரத்துல கேட்டீங்க. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா கிழிச்சிருப்பேன்” என்றார்.

“தெரியும்” என்றான் பூபேஷ், திரையைப் பார்த்தபடி, மெதுவாக.

நாலுவரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். அறுபது, ஐம்பது, நாற்பது என்று, உள்ளே ஒருத்தனும் வெளியே ஒருத்தனுமாக, ஒரே நாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். பெற்றவனைப் போலத்தானே பிள்ளை இருக்கும் என்று நினைத்து அவனுக்கு அழுகை வந்தது.

பூபேஷ் மோதலைத் தீர்த்துவைத்தான். புதியவளுக்கு இடம் கொடுத்தான், நாலுவரியையும் தன் இடத்தில் விட்டான். பிறகு புதிதாக ஒரு திருத்தத்தை எழுதினான். அதில் நிரல் ஒரு வரிகூட இல்லை. குறிப்பு மட்டும்தான் இருந்தது.

“மணியைத் திருத்திய நாலு வரி எழுதப்பட்டது ஏப்ரல் 3. கிளைக்குள் வந்தது ஏப்ரல் 12. ஆகவே ஏப்ரல் 11 அன்று மணி அடித்திருக்க முடியாது. மாராத்தாள் சொன்னது சரி. வாசல் குறிப்பை இன்று பார்த்ததில் இது தெரியவந்தது.”

அந்தத் திருத்தம் வந்து வரிசையில் நின்றதும் ஒரே சிரிப்பு. “என்னப்பா, வெறுங்கையோட வந்திருக்கே? ஒரு வரிகூட இல்லையே, உனக்கு இங்க என்ன வேலை?”

“ஒருத்தர் எப்ப வந்தாருன்னு சொல்ல வந்தேன்” என்றது வெறுங்கை.

சிரிப்பு அடங்கிவிட்டது. நாலுவரி குறிப்பைப் படித்தான். மாராத்தாள் சொன்னது சரி என்ற இடத்தில் மனசு குளிர்ந்தது. கடைசி வரிக்கு வந்ததும் திரும்பப் படித்தான். இன்று பார்த்ததில் தெரியவந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் கூசிற்று. அவன் வராத நாளில் வந்ததாக நின்றான். பூபேஷ் தெரிந்த நாளில் தெரியாததாக நிற்கிறான். ஆனால் வெறுங்கையின் நெற்றியிலும் தேதி விழுந்துவிட்டது, இனி அதையும் அழிக்க முடியாது.

மறுநாள் லீலாவதி மேடமும் பூபேஷும் மறுபடி நிலையத்துக்குப் போனார்கள். மாராத்தாளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அதே மேசை. மேசைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. குறிப்பை அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு லீலாவதி எழுந்து நின்றார்.

“தப்பு எங்க மேலதாம்மா. நான் தேதியைப் பார்த்தேன், அது எந்தத் தேதின்னு கேக்கலை. மன்னிச்சுக்குங்க.”

மேலாளர் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றை நீட்டினார். மாராத்தாள் விரல் வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். உறங்கிய என்ற சொல் இருக்கிறதா என்று தேடுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இல்லை என்று தெரிந்ததும் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“திங்கக்கெழமை வேலைக்கு வந்துடறேனுங்க” என்றாள்.

மணிக்கும் விஷயம் புரிந்துவிட்டது. “நீ என்கிட்ட மூணாந்தேதின்னு சொன்னியே” என்று கேட்டது.

“பொய் சொன்னேன்” என்றான் நாலுவரி. “பன்னெண்டாந்தேதிதான் வந்தேன்.” சொன்ன பிறகும் வெட்கம் போகவில்லை, ஆனால் மூச்சு விட முடிந்தது.

வெளியே மாராத்தாள் எழுந்துவிட்டாள். வாசற்படிவரை போனவள் நின்று, பூபேஷைத் திரும்பிப் பார்த்தாள்.

“தம்பி, இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“வாசல் குறிப்பை முந்தாநாள்... இல்ல, நேத்துதான்...” என்று ஆரம்பித்தான் பூபேஷ். லீலாவதி அவனைப் பார்த்தார். அவன் மடிக்கணினியைப் பார்த்தான். திரையில் நாலு வரி நின்றுகொண்டிருந்தது.

“பன்னெண்டாந்தேதி காலைல பத்து நாப்பதுக்கே தெரியுமுங்க அக்கா” என்றான். “அனுப்பினதே நான்தான்.”

மாராத்தாள் விரல் மடக்கி எண்ணினாள். மனசுக்குள் ஏதோ கூட்டிப் பார்க்கிற மாதிரி நின்றாள்.

“அப்படீன்னா, அடுத்த நாள் நான் ஊத்திக் குடுத்த டீயைத் தெரிஞ்சேதான் குடிச்சிருக்கீங்க” என்றாள்.

கிளையில் நின்ற அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யார் நெற்றியிலும் தேதி தெரியவில்லை.